நாடு போச்சு... நூலகம் நின்னுச்சு!

துடியலூர்ப் பக்கம் வேலைக்குப் போகும் இளவட்டங்களை நிறுத்தி, ‘லீவுக்கு என்ன புரோகிராம்?’ என்று கேட்டுப் பாருங்கள். மூன்றே பதில்தான் வரும். ஒன்று, மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்து நேராக ஊட்டி. இரண்டு, மருதமலை. மூன்று, “தூக்கமுங்க... வேறென்ன?”

இந்த மூன்றும் அலுத்துப் போனவர்களுக்கு நாலாவதாக ஒன்று சொல்கிறேன். ஒரு லைப்ரரி!

அடிக்க வராதீர்கள். குறுக்கெழுத்துப் போட்டியை யாரோ முன்னாடியே தப்பாக நிரப்பி வைத்திருக்கும் லைப்ரரி இல்லை இது. ராஜா வீட்டு லைப்ரரி. தஞ்சாவூர் அரண்மனை வளாகத்துக்குள் இருக்கிற சரஸ்வதி மஹால். கூடவே ஒரு மியூசியம். சின்னதுதான். ஆனால், உள்ளே இருக்கும் சங்கதிகள் இருக்கிறதே... அடேயப்பா!

ஆபீசில் பக்கத்து சீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். முகம் சுளித்தான்.

“ஏனுங்ணா, எரநூத்தம்பது கிலோமீட்டரு போயி பொஸ்தகத்தையா பாக்கறது?”

“பொஸ்தகம் மட்டும் இல்ல தம்பி. நம்ம மேனேஜர் மூஞ்சியும் அங்க மாட்டி வெச்சிருக்குது.”

அவ்வளவுதான். கோயமுத்தூர் ஜங்ஷனில், காலை ஜன் சதாப்தியில் எனக்கு முன்னாடியே வந்து ஜன்னலோர சீட்டைப் பிடித்திருந்தான்.

மூஞ்சிப் பொருத்தம்

மேனேஜர் விஷயம் பொய்யில்லை. சார்ல் லெ பிரன் என்று ஒரு பிரெஞ்சு ஓவியர். 17-ஆம் நூற்றாண்டுக்காரர். பதினாலாம் லூயி மன்னரின் ஆஸ்தான ஓவியர். மனுஷ முகத்தையும் மிருகங்கள், பறவைகளின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்து தள்ளியிருக்கிறார். ஆந்தையும் ஆந்தை மாதிரி ஆசாமியும். ஒட்டகமும் ஒட்டகம் மாதிரி ஆசாமியும். முகஜாடை எந்த மிருகத்துக்குப் பொருந்துகிறதோ, குணமும் அதற்குப் பொருந்தும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. இன்றைய விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால், நம் மனசு ஒப்புக்கொண்டு விடுகிறதே, என்ன செய்ய?

தம்பி ஒவ்வொரு படமாக நகர்ந்தான். “இது அக்கவுண்ட்ஸ் செக்ஷன்... இது கேண்டீன் காண்ட்ராக்டரு...” ஓர் ஆட்டுக்கடா முகத்தின் முன்னால் மட்டும் சட்டென்று மௌனமாகி, மீசையைத் தடவிக்கொண்டான். நான் எதுவும் கேட்கவில்லை. நட்பு முக்கியம்!

அடுத்தது, சீனாவில் ஒரு காலத்தில் குற்றவாளிகளுக்குக் கொடுத்த தண்டனைகளைக் காட்டும் படங்கள். கனத்த பலகையில் ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டி விடுவதெல்லாம் உண்டு. லேட்டாக வந்தால் அரைநாள் லீவைக் கழிக்கும் நம்ம ஆபீஸ்கள் எவ்வளவோ தங்கமானவை என்று அங்கே நின்றால் தோன்றும்.

சிரித்து முடித்த பிறகுதான் ஒரு கேள்வி வருகிறது. பிரான்சில் வரைந்ததும் சீனாவைப் பற்றியதும் காவிரிக்கரைக்கு எப்படி வந்தது? யார் வாங்கினார்கள்? எதற்கு?

வேலை இல்லாத ராஜா

நூலகத்துக்கு அஸ்திவாரம் போட்டது நாயக்க மன்னர்கள் காலம். அவர்களுக்குப் பின் வந்த மராட்டிய மன்னர்கள் அதைக் காப்பாற்றினார்கள். ஆனால், இன்றைக்குப் பார்க்கிற பிரமாண்டத்துக்குக் காரணம் ஒரே ஆள். இரண்டாம் சரபோஜி.

1777-ல் பிறந்தவர். துளஜா மன்னரின் தத்துப்பிள்ளை. ஷ்வார்ட்ஸ் என்கிற ஜெர்மானியப் பாதிரியார்தான் அவருக்குக் காப்பாளர். அரியணை கைக்கு வந்தது 1798-ல். அடுத்த வருஷமே, 1799-ல், கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஒப்பந்தத்தை நீட்டியது. சாராம்சம் இதுதான்: ‘நீங்க ராஜாவாவே இருங்க... ராஜ்யத்தை நாங்க பாத்துக்கறோம்!’ வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு. அதிகாரம் கோட்டைக்குள் மட்டும்.

வயசு 22. வேலை கிடையாது. சம்பளம் உண்டு. நம்மில் பாதிப் பேர் சாமியிடம் வேண்டிக்கொள்ளும் வரம் இதுதானே? சரபோஜிக்கு அது அவமானமாகத்தான் இருந்திருக்கும். ஆனால், மூலையில் உட்கார்ந்து அழவில்லை. குடித்து அழியவும் இல்லை. அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கினார்.

கோயமுத்தூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், நம்ம ஜி.டி. நாயுடுவின் கையில் ஓர் அரண்மனை கிடைத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி! எதைப் பார்த்தாலும், ‘இது எப்படி வேலை செய்யுது?’ என்கிற அரிப்பு. ஐரோப்பாவிலிருந்து நாலாயிரத்துக்கு மேல் புத்தகங்கள் வரவழைத்தார். வாங்கிய புத்தகத்தில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டு வைப்பது அவர் வழக்கம். சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து, ஈசாப் கதைகளை மராத்தியில் அச்சடித்தார். 1820-களின் தொடக்கத்தில் காசி யாத்திரை போனார். நம்மவர்கள் கங்கைச் சொம்போடு திரும்புவார்கள். அவர் சுவடிகளோடு திரும்பினார்.

1826-ல் தஞ்சாவூர் வந்த பிஷப் ஹீபர் அசந்து போய் எழுதியிருக்கிறார். லவாய்சியே, லின்னேயஸ் என்று ஐரோப்பிய விஞ்ஞானிகளைப் பற்றிச் சரளமாகப் பேசுகிறாராம் ராஜா. குதிரையின் தரம் பார்ப்பதிலும் புலி வேட்டையிலும் கில்லாடியாம்!

கண்ணைத் திறந்த காகிதம்

தம்பியின் கேலி நின்றது ஒரு தகவலைக் கேட்ட பிறகுதான். அரண்மனையில் வைத்தியத்துக்கென்றே ‘தன்வந்திரி மஹால்’ நடத்தினார் சரபோஜி. நம்ம ஊர் வைத்தியமும் ஐரோப்பிய வைத்தியமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. கண் நோயாளிகளுக்கு என்ன கோளாறு, என்ன சிகிச்சை, பிறகு எப்படி இருந்தது என்று குறிப்பெழுதி, நோயுள்ள கண்ணை வண்ணத்தில் வரைந்தும் வைத்தார்கள். அந்தக் காகிதங்கள் இந்த நூலகத்தின் சேகரிப்பில் இன்றும் இருக்கின்றன.

“எங்கம்மாவுக்குப் போன வருசந்தானுங்ணா கண்புரை ஆபரேசன் பண்ணுனோம்...” என்றான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “அந்தாளு சும்மா வேடிக்கைக்குச் சேக்கலீங்ணா” என்றான்.

அதேதான். ஒட்டக முகமும் கண் நோய்ப் படமும் ஒரே ஆசாமியின் ஆசையில் வந்து சேர்ந்தவை. மனுஷனைக் கூர்ந்து பார்க்கும் ஆசை. அனுபவ வைத்திய முறைகளைப் புலவர்களை வைத்துத் தமிழ்ச் செய்யுளாகவும் ஆக்கினார். ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று நூலகமே அவற்றைப் பதிப்பித்திருக்கிறது.

மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்கிறீர்களா? ஓலையும் காகிதமுமாகச் சுவடிகள் மட்டும் சுமார் 49,000. பெரும்பகுதி சமஸ்கிருதம். தமிழில் சுமார் 3,500. தெலுங்கு, மராத்தி தனி. போதாததற்கு, மராட்டியர் காலத்து அரண்மனை ஆபீஸ் ஃபைல்கள் மோடி எழுத்தில் மூட்டை மூட்டையாக! ஃபைல் கட்டுகிற வேலை அன்றைக்கும் இருந்திருக்கிறது என்பதில் நமக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ராஜா வீட்டுச் சொத்து... நம்ம சொத்து!

சரபோஜி 1832-ல் காலமானார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும், மிச்சமிருந்த பட்டத்தையும் கம்பெனி விழுங்கியது. ராஜாவின் சொந்தச் சொத்துகளுக்கும் பூட்டு விழுந்தது. ராணி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு லண்டன் வரைக்கும் போய், 1859-ல் தோற்றது. பிறகு 1862-ல் அரசாங்கமே இரக்கப்பட்டு சொத்தைத் திருப்பித் தந்தது. தஞ்சையில் ஜட்ஜாக இருந்த பர்னல், சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டு 1880-ல் வெளியிட்டார். 1918-ல் அரச குடும்பத்தினர் நூலகத்தை மக்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். பராமரிக்க ஒரு லட்ச ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஆக, 1918-லிருந்து இது உங்களுடையது, என்னுடையது. நாம் எட்டிப் பார்த்தோமா?

வேறு யாரோ பார்த்தார்கள்! 1715-ல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் புதிய ஏற்பாடு, சரபோஜியின் கையெழுத்தோடு இங்கே இருந்த பிரதி, 2005-ல் காணாமல் போனது. 2022-ல் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு போலீசார், வெளிநாட்டு மியூசியங்களின் இணையதளங்களைத் துழாவி, அது லண்டனில் இருப்பதாக அறிவித்தார்கள். சரபோஜியும் மகனும் இருக்கும் ஓவியம் ஒன்றும் இங்கிருந்து போனதுதான் என்றார்கள். அந்த ஓவியத்தை அமெரிக்காவின் பீபாடி எஸெக்ஸ் மியூசியம் 2006-ல் சுபாஷ் கபூர் என்கிற வியாபாரியிடம் 35,000 டாலருக்கு வாங்கியிருந்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து 2015-ல் அமெரிக்க அரசிடம் ஒப்படைத்தது.

நாட்டைக் கம்பெனிக்காரன் வாங்கிக்கொண்டான். அதைத் தடுக்க அந்த ராஜாவால் முடியவில்லை. ஆனால், தான் சேர்த்ததை நமக்கு விட்டுப் போக முடிந்தது. அதைக் காப்பாற்ற நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். போய்ப் பார்த்தாலே போதும். ஆள் நடமாட்டம் இருக்கிற வீட்டில் திருடன் நுழைய யோசிப்பான், இல்லையா?

நீங்களும் போய் வாருங்கள். திரும்பும்போது நூலகத்தின் பதிப்புகளில் ஒன்றை வாங்கி வாருங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: லெ பிரன் படங்களுக்கு முன்னால் மேனேஜரை மட்டும் கூட்டிப் போய் நிறுத்தி விடாதீர்கள். அவர் உங்கள் முகத்தையும் தேடுவார்!