மேப்ல பக்கத்துலதான் தெரியுது... ஆனா ஏறினா? மலையை வரைபடம் எப்படிக் காட்டுது, நாம எப்படிப் படிக்கிறோம்?

2021-ம் ஆண்டு ஜூலை மாதம். பிரிட்டனின் மிக உயரமான மலை பென் நெவிஸ். அங்கே போகிறவர்களுக்கு ஸ்காட்லாந்தின் மலையேற்ற அமைப்புகள் ஒரு எச்சரிக்கை விடுத்தன. கூகுள் மேப்ஸில் தெரியும் கோட்டை நம்பி உச்சிக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதுதான் அந்த எச்சரிக்கை.

விஷயம் இதுதான். பென் நெவிஸுக்கு காரில் போக வழி கேட்டால், உச்சிக்கு நேர்கோட்டில் மிகப் பக்கத்தில் இருக்கும் கார் பார்க்கிங்கிற்கு மேப் கூட்டிப்போனது. அங்கிருந்து உச்சி வரை ஒரு புள்ளிக்கோடு. பார்க்கிறவர்களுக்கு அது நடைபாதை மாதிரி தெரிந்தது. ஆனால் அந்தக் கோடு கடந்துபோன இடத்தில் பாதையே கிடையாது. செங்குத்தான பாறைச் சரிவு. அனுபவமுள்ள மலையேற்றக்காரர்களே திணறும் இடம்.

அந்தப் புள்ளிக்கோடு தூரத்தைக் காட்டத்தான், நடக்கும் வழி அல்ல என்று கூகுள் விளக்கம் சொன்னது. பிறகு காரில் போகும் வழியையும் பார்வையாளர் மையத்துக்கு மாற்றியது.

சரி, இதில் தப்பு கோட்டில் மட்டும்தானா? இல்லை. நாம் தினமும் ஆட்டோ பிடிக்கவும் பிரியாணி ஆர்டர் செய்யவும் பார்க்கும் அந்த சாதாரண மேப்பில் 1,345 மீட்டர் உயர மலையும் கிரிக்கெட் மைதானமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். மேடு, பள்ளத்தைக் காட்டும் வேறு மேப்பில் அதே கோட்டைப் போட்டிருந்தால், பார்த்த உடனே "ஐயோ, இது பாறையாச்சே" என்று தோன்றியிருக்கும்.

கோடு சொல்லும் கணக்கு

மலையைக் காகிதத்தில் காட்ட இருக்கும் வழிகளில் கணக்குக்கு நம்பகமானது சம உயரக் கோடு. ஸ்கூல் புவியியல் புத்தகத்தில் பார்த்திருப்பீங்க, விரல் ரேகை மாதிரி சுத்திச் சுத்திப் போகும். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் இணைத்தால் ஒரு கோடு. அவ்வளவுதான்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோபோஷீட்டில் இந்தக் கோடுகள் பழுப்பு நிறத்தில், பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று என்று இருக்கும். இந்த ஷீட்டில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். இப்போ ஒரு சின்னக் கணக்கு. 2 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் ஐந்து கோடு ஏறுதுன்னா, 100 மீட்டர் நடப்பதற்குள் 100 மீட்டர் ஏற வேண்டும். அதாவது 45 டிகிரி சரிவு. கையை ஊன்றாமல் ஏற முடியாது. அதே ஐந்து கோடு 2 சென்டிமீட்டரில் பரவியிருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 100 மீட்டர் ஏற்றம். மூச்சு வாங்கும், ஆனால் நடந்துவிடலாம்.

கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். இது பலருக்கும் தெரியும். பலரும் தடுமாறுவது வேறு இடத்தில். கோடு 'வி' மாதிரி வளையும்போது அதன் கூர்முனை உயரமான பக்கம் பார்த்தால் அது ஓடை வரும் பள்ளம். தாழ்வான பக்கம் பார்த்தால் மலை முகடு. இரண்டையும் மாற்றிப் படித்தால், இறங்கும்போது முகட்டை விட்டுவிட்டு ஓடைப் பள்ளத்துக்குள் போய் மாட்டிக்கொள்வீங்க. மழைக்காலத்தில் அது ரொம்ப மோசமான இடம்.

கோட்டுக்கும் ஒரு குறை உண்டு. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், இரண்டு கோட்டுக்கு நடுவில் 15 மீட்டர் பாறை விளிம்பு ஒன்று இருந்தாலும் மேப்பில் தெரியாமல் போகலாம். 15 மீட்டர் என்றால் ஐந்து மாடிக் கட்டிட உயரம்!

நேரத்தையும் இந்தக் கோடுகளை வைத்துத்தான் கணிக்கணும். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. தோராயமாக, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் பாதையில் 1,200 மீட்டர் ஏற்றம் இருந்தால் 4 மணி நேரம். தூரத்தை மட்டும் பார்த்தவர் 2 மணி நேரம் என்று கிளம்பியிருப்பார். பாதி வழியில் இருட்டிவிடும்.

மலை பள்ளமாகும் மாயம்

கோடுகளைப் பார்த்து மனசுக்குள் மலையைக் கட்ட எல்லோராலும் முடியாது. அதனால்தான் நிழல் போட்டு வரையும் முறை வந்தது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். பார்த்ததும் மலை எழுந்து நிற்கும். இதில் கில்லாடிகள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். 19-ம் நூற்றாண்டில் வந்த டுஃபூர் வரைபடத்திலேயே சின்னச் சின்னக் கோடுகளால் நிழல் காட்டினார்கள். பிறகு எட்வார்ட் இம்ஹோஃப் அதை ஓவியமாகவே மாற்றினார்.

இந்த மேப்களில் வெளிச்சம் பெரும்பாலும் மேல் இடது மூலையில் இருந்து, அதாவது வடமேற்கில் இருந்து வரும். ஐரோப்பாவில் நடுப்பகல் சூரியன் தெற்கில்தான் இருக்கும். அப்புறம் ஏன் வடமேற்கு?

காரணம் நம்ம மூளை. வெளிச்சம் மேலே இருந்துதான் வரும் என்று அது முன்கூட்டியே முடிவு பண்ணி வைத்திருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் இதை எளிமையான நிழல் வட்டங்களை வைத்தே காட்டினார். மேல்பக்கம் வெளிச்சமாக இருந்தால் வட்டம் புடைத்துத் தெரியும். அதையே தலைகீழாகத் திருப்பினால் குழியாகத் தெரியும்.

மேப்பிலும் அதே கதைதான். வெளிச்சம் கீழ்ப்பக்கம் இருந்து வந்தால் முகடு பள்ளமாகவும், பள்ளத்தாக்கு மலையாகவும் தலைகீழாகத் தெரியும். ஆறு மலை உச்சி மேல ஓடுற மாதிரி இருக்கும்! நிலவின் பள்ளங்களைப் படத்தில் பார்க்கும்போது கொப்புளம் மாதிரி தெரிந்ததா? அதுவும் இதே ஏமாற்றுத்தான்.

சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜூலியன் பிலாண்ட், அர்சு சொல்டெகின் வெவ்வேறு வெளிச்சத் திசைகளை மக்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான வடமேற்கை விட, இன்னும் கொஞ்சம் வடக்குப் பக்கம் தள்ளிய வெளிச்சத்தில் குழப்பம் குறைவு என்று 2017-ல் வெளியான அவர்கள் ஆய்வு சொல்கிறது.

சாட்டிலைட் படத்தில் இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் அங்கே நிழலை யாரும் வரைவதில்லை, சூரியன்தான் போடுகிறது. பல செயற்கைக்கோள்கள் காலை பத்து, பத்தரை மணி வாக்கில் படம் எடுக்கின்றன. ஜனவரியில் அந்த நேரம் சூரியன் நமக்குத் தென்கிழக்கில். அப்போ எடுத்த மலைப்படம் தலைகீழாகத் தெரிய வாய்ப்பு அதிகம். ஜூனில் நம் ஊருக்குச் சூரியன் வடபக்கம் வந்துவிடுவதால் பிரச்சினை குறைவு.

நீங்களே பார்க்கலாம். மேப் செயலியில் சாட்டிலைட் வியூ போட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஜூம் பண்ணுங்க. இரண்டு விரலால் படத்தை அரை வட்டம் திருப்புங்க. பல இடங்களில் மலையும் பள்ளமும் இடம் மாறும்.

பச்சைன்னா காடா?

ஸ்கூல் அட்லஸில் தாழ்வான இடம் பச்சை, உயரம் கூடக் கூட மஞ்சள், பழுப்பு. இதை மரம், செடியின் நிறம் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கணக்குப்படி வறண்ட ராமநாதபுரம் பச்சைப்பசேல், சோலைக்காடுகள் இருக்கும் நீலகிரி வெறும் பழுப்பு. கட்ச் ரண் உப்புப் பாலைவனமும் பச்சைதான். அங்கே நிறம் சொல்வது உயரத்தை மட்டுமே.

சென்னைக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. நகரத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்தில் இருந்து 7 மீட்டர் அளவுக்குத்தான். அட்லஸில் மொத்த சென்னையும் ஒரே பச்சை. 20 மீட்டர் கோடு போட்டாலும் பரங்கிமலை மாதிரி சில இடங்களை விட்டால் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் மழை வந்தால், பக்கத்துத் தெருவை விட அரை மீட்டர் தாழ்வாக இருக்கும் தெருவில்தான் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. அதைக் காட்ட மிக நெருக்கமான உயரக் கோடுகள் கொண்ட மேப் வேணும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக காரை நிறுத்தினார்களே, அவர்கள் மேப் பார்த்து முடிவு பண்ணவில்லை. 2015-ல் பட்ட அனுபவம் அப்படி.

போன்ல என்ன பண்ணலாம்?

கூகுள் மேப்ஸில் லேயர் பட்டனைத் தட்டினால் நிலப்பரப்பு என்ற தேர்வு இருக்கும். அதைப் போட்டதும் நிழல் வரும். கொஞ்சம் ஜூம் பண்ணினால் உயர எண்ணுடன் கோடுகளும் வரும். நிழலைப் பார்த்து மலையின் வடிவத்தைப் புரிஞ்சுக்கலாம், கோட்டைப் பார்த்து ஏற்றத்தைக் கணக்குப் போடலாம். மேடா பள்ளமான்னு சந்தேகம் வந்தால் ஆறு எங்கே ஓடுதுன்னு தேடுங்க. அதுதான் பள்ளம்.

மலைக்குள் சிக்னல் போய்விடும் என்பதால் முன்கூட்டியே டவுன்லோட் செய்வது நல்லது. ஆனால் ஆஃப்லைனில் இந்த நிலப்பரப்பு லேயர் அப்படியே கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட்டாவது எடுத்து வைங்க.

இன்னொன்று. தமிழ்நாட்டில் காட்டுக்குள் மலையேற வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. அதில் முன்பதிவு செய்தால் பாதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார்.