நீர்வண்ணத்தில் நம் மலைகள்

கோவைக்காரர்களுக்குப் போத்தனூர் என்றால் ரயில்தான். சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1862-ல் இவ்வூர் வழியாக மலபார்க் கடற்கரைக்குப் போனது. 1873-ல் கோவை வழியே மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை பிரிந்தது. நீலகிரிக்கும் மலபாருக்கும் நடுவே ரயிலில் போகிறவர்களுக்குப் போத்தனூர்தான் சந்திப்பு. அந்தக் கிளை திறந்த மறு ஆண்டே, நீலகிரியையும் மலபாரையும் வரைய வந்தார் ஓர் ஆங்கிலேயர். பெயர் எட்வர்ட் லியர். வயது 62.

வேடிக்கைப் பாடல்கள் எழுதியவர் என்றே உலகம் அவரை அறியும். ஆனால் அவருக்குச் சோறு போட்டது ஓவியம். 1812-ல் லண்டனில் பெரிய குடும்பமொன்றில் பிறந்தார். வளர்த்தவர் அக்கா ஆன். சிறு வயது முதலே வலிப்பு நோய், கண்பார்வையும் மங்கல். அப்படியிருந்தும் பதினெட்டு வயதில் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரையத் தொடங்கினார். 1830 முதல் 1832 வரை பகுதி பகுதியாக வந்த அந்தக் கிளி ஓவியங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 1846-ல் விக்டோரியா மகாராணிக்கே ஓவியம் கற்றுக்கொடுத்தார்.

வைஸ்ராய் நார்த்புரூக் அவருடைய நண்பர். அவர் அழைத்ததால் 1873 நவம்பரில் லியர் பம்பாயில் இறங்கினார். கூடவே வந்தவர் நெடுநாள் பணியாளர் ஜார்ஜியோ. டார்ஜிலிங்கில் கஞ்சன்ஜங்காவை வரைந்தார். 1874-ல் தெற்கே இறங்கி மாமல்லபுரம், திருச்சி, தஞ்சை, குன்னூர், ஊட்டி, மலபார் என்று சுற்றினார். மலை ரயில் குன்னூருக்கு ஏறியது 1899-ல்தான்; அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்தைய பயணம் இது. பிறகு இலங்கை. அங்கே ஜார்ஜியோவுக்கு வயிற்றுக்கடுப்பு. உடல்நலம் இடம் கொடுக்காமல் 1875 ஜனவரியில் லியர் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். இத்தாலியின் சான் ரெமோவில் 1888-ல் காலமானார்.

குறிப்போடு கூடிய கோடுகள்

லியர் வேலை செய்த முறையை நம் ஓவிய மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். இடத்தில் உட்கார்ந்து பென்சிலால் வேகமாகக் கோடு இழுப்பார். இடம், தேதி, பல தாள்களில் நேரம்கூட அதிலேயே எழுதுவார். எந்தப் பாறை என்ன நிறம், எந்த மரம் எது என்ற குறிப்புகளும் படத்தின் மேலேயே இருக்கும். பிறகு நிதானமாக மையால் கோடுகளை உறுதிசெய்து, மெல்லிய நீர்வண்ணம் பூசுவார். அதனால் அவருடைய ஒவ்வொரு தாளும் ஓவியம், அந்த நாளின் ஆவணம் இரண்டுமாக நிற்கிறது.

அவருடைய இந்தியப் படங்களில் பெரும் பகுதி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹாட்டன் நூலகத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களும் கட்டடங்களும் மலைச்சரிவுகளை இந்த அளவுக்கு மூடுவதற்கு முந்தைய நீலகிரியை, தேர்ந்த கண் ஒன்று பார்த்து எழுதிய சாட்சி அது. அந்த மலை எப்படி இருந்தது என்று அறிய முதல் உரிமை அதன் அடிவாரத்தில் வாழ்கிற நமக்குத்தான். தரமான நகல்களை வரவழைத்துப் போத்தனூர் நிலையத்திலும் கோவைப் பள்ளிகளிலும் வைக்க வேண்டும். படத்தில் உள்ள இடங்களுக்கு மாணவர்களை அழைத்துப்போய், தேதியிட்டு வரையச் சொல்ல வேண்டும். இன்றைய நீலகிரிக்கும் சாட்சி வேண்டும். அதை நம் பிள்ளைகள் எழுதட்டும்.