உங்களுக்குத் தெரியுமா? ஆற்றுக்கு ‘தி’ உண்டு, ஊருக்கு இல்லை

சாத்தூர், விளாத்திகுளம் பக்கமாக ஓடிவரும் வைப்பாறு, கீழவைப்பார் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஆற்றைச் சொன்னால் ‘தி வைப்பார்’. ஊரைச் சொன்னால் வெறும் ‘கீழவைப்பார்’.

ஆறு, கடல், நீரிணை, தீவுக்கூட்டம் ஆகியவற்றின் பெயருக்கு முன் ‘தி’ வரும். ஊருக்கும் தனித்தீவுக்கும் பொதுவாக வராது. ‘தி கல்ஃப் ஆஃப் மன்னார்’ சரி, ‘தி தூத்துக்குடி’ தவறு. (நெதர்லாந்தின் ‘தி ஹேக்’ போல அடம்பிடிக்கும் ஊர்களும் உண்டு!)

‘தி’, ‘திஸ்’, ‘தட்’, ‘மை’, ‘எவ்ரி’ எல்லாம் ஒரே இனம்; இலக்கணத்தில் இவை டிட்டர்மினர்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பொதுவாக இவர்களில் ஒருவருக்குத்தான் இடம். நாம் சறுக்குவது இங்கேதான். தமிழில் ‘என்னோட அந்த வள்ளம்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். அதையே ‘மை தட் போட்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ‘தட் போட் ஆஃப் மைன்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஆல்’, ‘போத்’ போன்ற சில சொற்களுக்கு விலக்கு உண்டு. ‘ஆல் மை போட்ஸ்’ என்று தயங்காமல் எழுதலாம்.