முதலில் எண்ணெய், பிறகுதான் புளி: பித்தளை விளக்கைத் துலக்கும் முறை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பூசை அறையிலுள்ள குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, மணி, பஞ்சபாத்திரம் எல்லாம் சமையலறைத் தொட்டிக்கு வந்துவிடும். புளியைக் கரைத்துத் தேய்த்தால் விளக்கின் தண்டு சில நிமிடங்களில் பொன்னாக மின்னும். ஆனால், எண்ணெய் ஊற்றும் தகழியும் அதன் அடிப்பகுதியும் கறுப்பாகவே நிற்கும். மீண்டும் புளி, பிறகு கம்பி நார், அதற்கும் அசையாவிட்டால் கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு திரவம் என்று பலரும் போராடுகிறார்கள்.

பாட்டியோ பூட்டியோ இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த விளக்குகள் இன்னும் பல மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில் எரிகின்றன. அவற்றின் நுண்ணிய வேலைப்பாடுகளைக் காலம் அழிப்பதைவிட, தவறாகத் துலக்குவதே விரைவில் அழித்துவிடுகிறது. துலக்கும் வரிசையைப் புரிந்துகொண்டால் அதைத் தவிர்க்கலாம்.

இரண்டு வகை அழுக்கு

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதன்மேல் படியும் அழுக்கு இரண்டு வகைப்படும்.

முதலாவது, காற்றாலும் ஈரத்தாலும் உலோகத்தின் மேற்பரப்பே மாறி உண்டாகும் கறுப்பும் களிம்பும். செம்பையும் அதனோடு ஒட்டிப் பிறந்த களிம்பையும் உயிருக்கும் ஆணவ மலத்துக்கும் உவமையாகச் சைவ சித்தாந்தம் காட்டுவது பலருக்கும் தெரிந்திருக்கும். இந்தக் களிம்பை அமிலம் கரைக்கும். புளியில் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் இருப்பதால்தான் இவை பித்தளையைப் பளிச்சிட வைக்கின்றன.

இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கு. நல்லெண்ணெய் சூட்டிலும் காற்றிலும் பட்டுப் பட்டு மெல்ல இறுகி, வார்னிஷ் பூசியது போன்ற படலமாகிவிடும். திரியின் கரியும் அதில் ஒட்டிக்கொள்ளும். நாள்பட்ட எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்வதால்தான் தகழியின் ஓரத்தில் பச்சை நிறப் பசை தோன்றுகிறது.

புளி எண்ணெயைக் கரைக்காது. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை புளித் தண்ணீர் அதற்கு அடியிலுள்ள களிம்பைத் தொடவும் முடியாது. தகழி கறுப்பாகவே நிற்பதற்கு இதுதான் காரணம். எண்ணெயை எடுக்க அமிலம் உதவாது; காரமும் சோப்பும்தான் வேண்டும்.

பழைய தலைமுறை இதை அனுபவத்தில் அறிந்திருந்தது. எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பல், பித்தளைக்குப் புளி என்று பிரித்து வைத்திருந்தார்கள். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது. சிகைக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சோப்பைப் போல நுரைக்கும் சபோனின் இருக்கிறது. விறகடுப்பு போனபோது சாம்பலும் போயிற்று. புளி மட்டும் நம் கையில் தங்கிவிட்டது.

செய்முறை

விளக்கு நன்கு ஆறிய பிறகு பீடம், தண்டு, தகழி, முகடு எனத் தனித்தனியாகக் கழற்ற வேண்டும். மரை இறுகியிருந்தால் குறடு கொண்டு திருகாமல், சிறிது நேரம் வெந்நீரில் வைத்தால் இளகும். எஞ்சிய எண்ணெயைப் பழைய துணியாலோ டிஷ்யூவாலோ துடைத்துக் குப்பையில் போடுவது நல்லது. தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்து, கை பொறுக்கும் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து 20 நிமிடம் ஊறவிடலாம். பிசுக்கு தடித்திருந்தால் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா சேர்த்து, கையுறை அணிந்துகொண்டு கழுவ வேண்டும். பழைய பல்துலக்கியும் வேலைப்பாடுகளின் இடுக்குக்கு ஒரு சாத்தே குச்சியும் போதும். கம்பி நார் வேண்டாம். அது அழுக்கோடு சேர்த்து உலோகத்தையும் சுரண்டும்.

எண்ணெய் போய்விட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விளக்கின்மேல் சுத்தமான நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய் இல்லை. முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறைகளிலும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள்.

அதன் பிறகுதான் புளியின் முறை. கடைகளில் அசாம் ஜாவா என்று விற்கும் புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி, ஐந்து நிமிடத்தில் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். இரவு முழுவதும் ஊறவைப்பது தவறு. அமிலம் நெடுநேரம் பட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறும். செம்பின் இளஞ்சிவப்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். வினிகரோடு உப்பு சேர்ப்பவர்கள் விரைவாகப் பலன் காண்பார்கள். ஆனால், இடுக்கில் தங்கும் உப்பு அடுத்த சில வாரங்களில் மீண்டும் களிம்பைக் கொண்டுவரும்.

கடைசியாக, சிறிது சமையல் சோடா கலந்த நீரில் ஒருமுறை அலசி, நல்ல நீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் தானாக உலரட்டும் என்று விட்டால் நீர்க்கறை நிச்சயம்.

அம்மோனியா ஏன் ஆகாது?

கடைகளில் விற்கும் உலோகப் பாலிஷ்களிலும் கண்ணாடி துடைக்கும் திரவங்களிலும் சிலவற்றில் அம்மோனியா உண்டு. கறை சட்டென்று போகும். அதன் பின்னால் இந்தியாவில் நடந்த ஒரு கதை இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்த படைகளின் துப்பாக்கித் தோட்டாக்கள், மழைக்காலம் வந்தால் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. பருவம் பார்த்து நிகழ்ந்ததால் அதற்குப் 'பருவ விரிசல்' என்றே பெயர் வந்தது. தோட்டாவின் உறையும் பித்தளைதான்; 100-க்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் காரணத்தை விளக்கினார்கள். தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, அழுத்தி இழுத்துச் செய்யப்பட்ட பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கத்தைப் பிளந்துவிட்டது. உறைகளைச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்தியதும் சிக்கல் தீர்ந்தது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்டுப் பயிற்சி செய்வோர் சுட்ட உறையை மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். உறையை அச்சில் அழுத்தும்முன் மசகு தடவுகிறார்கள். பிறகு அதை முழுவதும் நீக்குகிறார்கள். மசகு எஞ்சினால் வெடிமருந்து கெடலாம். வழுக்கும் உறை துப்பாக்கியின் மீது கூடுதல் விசையையும் செலுத்தும். அவர்களில் பலர் பயன்படுத்துவதும் வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, சிறிது சிட்ரிக் அமிலம்தான். அம்மோனியாவைத் தவிர்க்கும்படியே அங்கும் சொல்லப்படுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டாவும் துப்பாக்கியும் கடும் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால், அந்தத் தொழில் நமக்கு வேண்டாம். அது சொல்லும் பாடம் போதும்.

வார்ப்பு விளக்குகளில் இந்த உள் இறுக்கம் குறைவு. தகட்டைத் தட்டியோ அழுத்தியோ செய்யும் குடம், செம்பு, தாம்பாளம் ஆகியவற்றுக்கே ஆபத்து அதிகம். ஒருமுறை பாலிஷ் போட்டதும் உடைந்துவிடும் என்பதல்ல. இடுக்கில் தங்கிய மிச்சத்தோடு மூடிய அலமாரியில் மாதக்கணக்கில் வைப்பதுதான் கேடு. வாங்கும்போது லேபிளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இவற்றைச் செய்யாதீர்கள்

புளி, வினிகர் போன்ற அமிலங்களோடு பிளீச் கலந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சோடு அம்மோனியா கலந்தாலும் நச்சு வாயுதான். மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றால் விளக்கைத் துடைப்பதும் கூடாது. மரையில் தங்கிய மிச்சம், விளக்கேற்றும்போது தீப்பிடிக்கலாம்.

துலக்கும்முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு, மேலே முலாம் மட்டுமே. அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். சில புதிய விளக்குகளில் மங்காமல் இருக்க அரக்குப் பூச்சு இருக்கும். அவற்றுக்கு மென்மையான சோப்பு நீரே போதும்.

வாராவாரம் விளக்கேற்றுபவர்கள், அணைந்து ஆறியதும் மிஞ்சிய எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டால் பிசுக்கு இறுகவே இறுகாது. தமிழில் 'விளக்கு' என்றால் தீபம். விளக்கு என்றால் துலக்கு. விளக்கு என்றால் புரியவை. வீட்டுப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு துலக்கினால் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். அடுத்த தலைமுறைக்கு விளக்கோடு அதைப் பேணும் முறையும் போய்ச் சேரும்.