திரியாய்க் கரையில் உவர்: முதலில் காக்க வேண்டியது எது?

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே சுமார் 45 கிலோமீற்றர் போனால் திரியாய். கிழக்கே கடல், வடக்கே யான் ஓயா கடலில் கலக்கும் முகத்துவாரம், இடையில் வயல்களும் வீட்டுக் கிணறுகளும். போரால் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, தூர்ந்த கிணற்றை இறைத்து வயலைத் திருத்திய மக்கள் வாழும் ஊர் இது. இப்படிப்பட்ட கரையோரத்தில் உவர் ஏறிய பிறகு நிலத்தையும் நீரையும் மீட்பது பெரும்பாடு. ஏறவிடாமல் தடுப்பது அதைவிட எவ்வளவோ இலகு. ஆகவே அரசின் பணமும் கவனமும் முதலில் எங்கே போக வேண்டும் என்பதை ஊர் மக்களே பேச வேண்டும்.

உவர் வரும் வழிகள்

முதலாவது வழி நிலத்தடி. மழைநீர் கடல்நீரைவிட இலேசானது. மணற்பாங்கான கரையில் நிலத்துக்கடியில் அது உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை உவரைத் தள்ளி வைத்திருக்கும். மோட்டார் போட்டு இறைத்து அந்த உயரத்தில் அரை மீற்றர் குறைத்தால், அடியிலிருந்து உவர் 20 மீற்றர்வரை மேலேறக்கூடும். கிணற்றுத் தண்ணீர் திடீரெனச் சவர்ப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது வழி ஆறு. கோடையில் மேலிருந்து வரும் நீர் குறையும்போது கடல்நீர் முகத்துவாரத்தால் உள்ளே ஏறும். யான் ஓயாவின் மேற்பகுதியில் இப்போது பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. ஆகவே கோடையில் கீழ்நோக்கி எவ்வளவு நீர் விடப்படுகிறது என்பது கரையோர மக்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆற்று மணலை அகழ்ந்து படுகையைத் தாழ்த்தினால் கடல்நீர் இன்னும் தூரம் வரும்.

மூன்றாவது, வடிகால் இல்லாத வயல். நீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

அறிகுறியும் ஆபத்தும்

வரம்பில் வெள்ளைப் படிவு, வயலில் திட்டுத்திட்டாகப் பயிர் இல்லாத இடம், நெல் இலையின் நுனி வெளிறிக் காய்வது ஆகியவை முதல் அடையாளங்கள். இதைப் பசளைக் குறைவென்று நினைத்து மேலும் பசளை போடுவது உப்பைக் கூட்டும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உவரைத் தாங்காது. மண்ணின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும்.

குடிநீரில் உப்புக் கூடினால் இரத்த அழுத்தம் உயரும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளுக்கு இது கூடுதல் ஆபத்து என்பதைப் பங்களாதேஷ் கரையோர ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், உப்புப் போகாது. சவர்த்த நீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் துப்புரவாக்க மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். மிதமிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவரும் சேர்ந்து மேலே வந்தது. கடைசியில் கிணறுகளை மீட்டது மாரி மழைதான். அவசரத்தில் செய்யும் நல்ல வேலையும் கெடுதியாக முடியலாம் என்பது அன்று கண்ட பாடம்.

எது முதலில்?

முதலாவது அளவீடு. ஊர்க் கிணறுகளில் மாரி முடிவிலும் கோடை முடிவிலும் உப்பை அளந்து, முடிவை எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். இரண்டாவது குடிநீர்: சவர்த்த வீடுகளுக்குக் குழாய்நீர், அது வரும்வரை ஒழுங்கான பவுசர் சேவை, மழைநீர்த் தொட்டி. உப்பகற்றும் இயந்திரம் வைத்தால் அதன் கழிவுநீர் மண்ணுக்குள் திரும்பக் கூடாது. மூன்றாவது நன்னீரைத் தேக்குவது: குளம் திருத்தல், தேவையான இடத்தில் உவர்நீர்த் தடுப்பணை, அதன் கதவுகளைப் பராமரிக்க ஆண்டுதோறும் நிதி. நான்காவது வயல்: வடிகால், மழைநீரால் உப்பைக் கழுவுதல், ஏ.டி. 354 போன்ற உவர் தாங்கும் நெல். ஜிப்சம் எல்லா உவருக்கும் மருந்தல்ல. மண்ணைப் பரிசோதித்த பிறகே வாங்குங்கள்.

உங்கள் உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவு, நீர்த்தேக்கத்திலிருந்து நீர் விட்ட கணக்கு, மணல் அகழ்வு அனுமதி ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர்வரை கரையோர வலயம். அங்கே அனுமதியில்லாமல் அகழ்வு நடந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். 4 ஹெக்டயரைத் தாண்டும் இறால் பண்ணை போன்ற திட்டங்களுக்குச் சுற்றாடல் அங்கீகாரம் கட்டாயம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் 30 நாட்களுக்குள் யாரும் கருத்து அனுப்பலாம்.

அரச நிர்வாகத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணறு கெட்டால் கேட்க ஆளில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குக் கமக்காரர் அமைப்பு உவர் அளவீட்டைக் கையில் கொண்டு போகட்டும். எந்தத் திகதியில், எந்தக் கிணற்றில், எவ்வளவு என்று எழுதிய தாளை அதிகாரிகளால் எளிதில் ஒதுக்க முடியாது.