ஓடுகிறது, ஆனால் ஒரிஜினல் இல்லை
பழைய காரை உயிர்ப்பிப்பது ஒரு பாடு. அதன் குறைகளோடு அதை விற்பது இன்னொரு பாடு

கொல்கத்தாவின் பவானிபூரில், 19 ஆண்டுகளாகத் திறக்காத ஒரு கராஜ் கதவை நாலு பேர் சேர்ந்து நெம்பியபோது முதலில் வெளியே ஓடியது ஒரு பூனை. அதற்குப் பின்னால், இரண்டு உடைந்த நாற்காலிகளையும் ஒரு மூட்டை பழைய பேப்பரையும் தலையில் சுமந்தபடி, நாலு டயரும் தரையோடு தரையாக, ஒரு கரும்பச்சை ஹிந்துஸ்தான் லேண்ட்மாஸ்டர்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். வண்டி 1956ல் அவருடைய அப்பா வாங்கியது. 2003ல் அப்பா போனார். கராஜுக்குப் பூட்டு விழுந்தது. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றுக்கு நேர்ந்ததுதான் 2022ல் இந்த வீட்டுக்கும் நேர்ந்தது. ப்ரமோட்டரிடம் ஒப்பந்தம் கையெழுத்தானது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். காலி செய்ய ஒரு வருடம். பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 28,000 ரூபாய் என்றார்.

ஆசிரியருக்கு மனசு வரவில்லை. வங்காளிகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. ரித்விக் கட்டக் 1958ல் எடுத்த ‘அஜாந்த்ரிக்’ படத்தில் டாக்ஸி டிரைவர் பிமல், ஜகத்தல் என்று பேர் வைத்த தன் ஓட்டை செவர்லேயை உள்ளதையெல்லாம் செலவழித்துப் பழுது பார்ப்பான். கடைசியில் அது பழைய இரும்புக்குத்தான் போகும். "அந்தக் கடைசிக் காட்சியை நான் இன்னொரு தரம் பார்க்கத் தயாரில்லை" என்கிறார் ஆசிரியர்.

லேண்ட்மாஸ்டர் அப்படியொன்றும் மகாராஜா வண்டி அல்ல. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசைக் காரை வைத்து, ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1954 முதல் செய்தது. அம்பாசடரின் நேர் மூத்த அக்காள். கார் வரலாற்றுக்காரர்களின் கணக்கில் 1919 முதல் 1930 வரை வந்தவைதான் விண்டேஜ். ஆனால் நம் ஊரில் பாட்டி வயதுக் கார் எல்லாமே விண்டேஜ்தான். மத்திய அரசும் 2021ல் கொண்டுவந்த விதியில் 50 வயது தாண்டினால் போதும் என்று சொல்லிவிட்டது. அந்த விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. அது பிறகு காலை வாரியது.

பழைய உதிரி பாகங்களுக்குப் பேர்போன மல்லிக் பஜாரிலிருந்து ஒரு மிஸ்திரியைக் கூட்டி வந்தார்கள். எழுபதை நெருங்கும் அவரை எல்லாரும் சாச்சா என்றே கூப்பிடுகிறார்கள். பானெட்டைத் தூக்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மாஸ்டர்மஷாய், இது இந்த வண்டியின் இன்ஜின் இல்லை."

லேண்ட்மாஸ்டரோடு வந்தது 1476 சிசி சைடு வால்வு இன்ஜின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பதால் தலை தட்டையாக இருக்கும். இங்கேயோ மேலே ராக்கர் கவர் உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்த அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின். எழுபதுகளில் எப்போதோ அப்பா மாற்றியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது குற்றமாகவே தோன்றியிருக்காது. பழையதற்கு பார்ட்ஸ் கிடைக்காது, புதியது கூடுதல் சக்தி, பக்கத்து ஊரில் தயாராகிறது. யார்தான் மாற்ற மாட்டார்கள்?

அவசரப்பட்டு செல்ஃபைத் தட்டியிருந்தால் பிஸ்டன் ரிங்குகள் போயிருக்கும் என்கிறார் சாச்சா. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூன்று நாள் தொடவே இல்லை. நாலாம் நாள் முன்னால் ஹேண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினார். கால் சுற்று. பிறகு அரைச் சுற்று. பிறகு முழுதாகத் திரும்பியது. பெட்ரோல் டாங்கில் மிச்சமிருந்தது வார்னிஷ் மாதிரி உறைந்திருந்ததால் டாங்கை இறக்கிக் கழுவ வேண்டியதாயிற்று. கார்புரேட்டர், பாயிண்ட் செட், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் ரப்பர் டியூப் எல்லாம் மாறின. பிரேக்கில் வீல் சிலிண்டர்கள் நாலும் துருவால் இறுகியிருந்தன. வண்டியை ஓட வைப்பதைவிட அதை நிறுத்த வைக்கத்தான் அதிகம் செலவானது. எட்டு வாரம், 1,14,000 ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி இருமியது, தெருவையே புகையால் மூடியது, பிறகு சீராக ஓடியது. மாடியிலிருந்து ஆசிரியரின் மனைவி சங்கு ஊதினார்.

பெயிண்ட் அடிக்கவில்லை. "விற்கப் போகிற வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால், உள்ளே என்ன பட்டி பூசியிருக்கிறாய் என்றுதான் கேட்பான்" என்பது சாச்சாவின் கட்சி. நியாயம்தான். இந்தக் காருக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. தரைத்தகடும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கத் தகடும்தான் எலும்பு. அங்கே துருப்பிடித்தால் மேக்கப் உதவாது. டிரைவர் பக்கம் அப்படித்தான் பிடித்திருந்தது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தார்கள். வெல்டிங் தழும்பைத் தேய்க்கவில்லை, வாங்குகிறவர் பார்க்கட்டும்.

அடுத்தது காகிதம். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை வாரிசு நேரே விற்க முடியாது. 31ஆம் படிவத்தில் முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இரண்டு சகோதரிகளும் சம்மதக் கடிதம் தந்தார்கள். காலாவதியான பதிவுக்கு அபராதம், வரி பாக்கி, இன்ஸ்பெக்‌ஷன். இத்தனைக்கும் மேலே, புத்தகத்தில் இருப்பது பழைய இன்ஜின் நம்பர். மாற்றத்தை முறைப்படி புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. ஒரு தரகர் சுலப வழி சொன்னார். புத்தகத்தில் இருக்கிற நம்பரையே இன்ஜினில் ‘பஞ்ச்’ செய்துவிடலாம், அரைமணி வேலை. ஆசிரியர் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் இன்ஜின் வாங்கிய ரசீது அகப்பட்டது. அப்படியும் எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது.

முதலில் வந்தவர் தெற்குக் கொல்கத்தாவின் ஒரு சேகரிப்பாளர். 1968 முதல் அந்நகரில் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை நடத்தும் பழைய கார் ஊர்வலத்தில் ஓட்டும் ஆசை அவருக்கு. 3,50,000 ரூபாய்க்குத் தயார். கேட்டது ஒன்றே ஒன்று, விண்டேஜ் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய்; ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும் தனி நம்பர். பத்து வருடம் செல்லும். இங்கேதான் அந்த இன்னொரு வரி. வண்டி ஆதி வடிவத்தில் இருக்க வேண்டும், பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. ஆசிரியர் ரசீதை எடுத்து நீட்டினார். வந்தவர் பானெட்டைத் தானே மூடிவிட்டு, நமஸ்காரம் சொல்லிவிட்டுப் போனார்.

"சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று என் தங்கையே கேட்டாள்" என்கிறார் ஆசிரியர். வீடு காலி செய்ய அப்போது ஏழு வாரம்தான் பாக்கி. இரும்புக்காரர் மறுபடி போன் செய்தார். அன்றிரவு ஆசிரியர் ஒரு நோட்டுத் தாளில் வண்டியின் குறைகளை எழுத ஆரம்பித்தார், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி. இன்ஜின் வேறு. இரண்டாம் கியர் கத்தும். பெட்ரோல் முள் எப்போதும் பாதியைக் காட்டும். பின் சீட் துணி 1980ஐச் சேர்ந்தது. பம்ப்புகளில் இன்று வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னும். டியூபை வருடம் ஒரு தடவை பார்க்கவும். மொத்தம் 17. விளம்பரத்தில் விலைக்கு முன்னால் அந்தப் பட்டியலைப் போட்டார்.

பதினோரு பேர் கூப்பிட்டார்கள். முன்பு வந்தவர்கள் மாதிரி, ‘என்ன மறைக்கிறீர்கள்’ என்ற தோரணையில் யாரும் பேசவில்லை. ராஞ்சியிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார், பல்லை எண்ணுகிற மாதிரி. இரண்டாம் கியர் கத்தியதும் சந்தோஷமாக டிக் போட்டார். விண்டேஜ் பதிவில் அவருக்கு அக்கறை இல்லை. அவருடைய தாத்தாவிடம் இதே வண்டி இருந்ததாம். 2,40,000 ரூபாயில் முடிந்தது. செலவு போக இரும்புக்காரர் சொன்னதைப் போல் நாலு மடங்குக்கு மேல். அலைச்சலுக்குக் கணக்குப் போடாவிட்டால் லாபம்தான்.

பணம் வந்த அன்றே சாவியைக் கொடுக்கவில்லை ஆசிரியர். வேறு மாநிலம் என்பதால் 28ஆம் படிவத்தில் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கி, 29ம் 30ம் கையெழுத்தான பிறகே கொடுத்தார். புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது.

வண்டியை லாரியில் ஏற்றிய அன்று சாச்சா கூலி வாங்காமல் வந்து, கயிற்றை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். மழைக்காலம் தொடங்கியதும் ராஞ்சியிலிருந்து போன்.

"மாஸ்டர்மஷாய், பதினெட்டாவதை எழுத மறந்துவிட்டீர்கள். டிக்கி ஒழுகுகிறது."

"அது குறை இல்லை டாக்டர்பாபு" என்றார் ஆசிரியர். "1956லேயே ஒழுகியது. அதுதான் ஒரிஜினல்."