நினைவகக் கோப்பு முறைமையில் ‘இடமில்லை’ எனும் பிழை: காரணங்களும் கண்டறியும் முறையும்

முன்னுரை

பழந்தமிழ் நூல்களை மின்வருடி, எழுத்துணரி வழியே பனுவலாக்கும் பணியில் உருவாகும் இடைநிலைக் கோப்புகள் பெரும்பாலும் வழங்கியின் தற்காலிகக் கோப்புறையில் தங்குகின்றன. லினக்ஸ் வழங்கிகள் பலவற்றில் இக்கோப்புறை வட்டில் இல்லை. முதன்மை நினைவகத்தில் இயங்கும் ‘டிஎம்பிஎஃப்எஸ்’ என்னும் கோப்பு முறைமையில் உள்ளது. 2013இல் வெளிவந்த ஃபெடோரா 18இலும் 2025இல் வெளிவந்த டெபியன் 13இலும் இதுவே இயல்பமைப்பாகும். வட்டில் இடம் மிகுந்திருக்கவும் ‘இடமில்லை’ என்னும் பிழைச்செய்தி தோன்றுவதன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

கொள்ளளவு எல்லை

எல்லையைத் தனியே வரையறுக்காவிடில், டிஎம்பிஎஃப்எஸ் நினைவகத்தில் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி நினைவகமுள்ள வழங்கியில் அது 8 ஜிபி. 300 டிபிஐ அளவில் வண்ணத்தில் வருடிய ஒரு ஏ4 பக்கம், சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 26 எம்பி. எனவே 330 பக்கங்களுக்குள் இடம் தீர்ந்துவிடும்.

சிறு கோப்புகளின் பெருக்கம்

பொதுவாக இம்முறைமை இடத்தை 4,096 பைட்டு கொண்ட நினைவகப் பக்கங்களாகவே ஒதுக்குகிறது. சொல்லடைவுக்காக ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பு என 100 பைட்டு அளவில் 20,97,152 கோப்புகளை உருவாக்கினால், அவற்றின் உள்ளடக்கம் 200 எம்பி. கொள்ளும் இடமோ 8 ஜிபி. கோப்புகளின் எண்ணிக்கைக்கும் தனி எல்லை உண்டு. வெற்றுக் கோப்புகளும் கோப்புறைகளும்கூட அவ்வெண்ணிக்கையில் அடங்கும். ‘டிஎஃப்’ கட்டளை இடத்தையும், அதன் ‘ஐ’ தெரிவு எண்ணிக்கையையும் காட்டும்.

நீக்கியும் நீங்காத கோப்புகள்

ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீக்கினால் பெயர் மட்டுமே மறையும். அந்நிரல் கோப்பை மூடும்வரை இடம் விடுபடாது. ‘டிஎஃப்’ காட்டும் அளவு ‘டியூ’ காட்டும் அளவைவிட மிகுந்திருப்பின் இக்காரணத்தை ஐயுறலாம். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை அத்தகைய நிரலை இனங்காட்டும்.

முடிவுரை

பிழை கண்டவுடன் வழங்கியை மறுதொடக்கம் செய்வது வழக்கமான தீர்வு. இங்கு அதுவே பேரிழப்பாகும்; மின்னோட்டம் நின்றால் நினைவகக் கோப்புகள் அனைத்தும் அழியும். ஆகவே முதலில் தேவையான கோப்புகளை வட்டுக்குப் படியெடுத்தல், பின்னர் இடம், எண்ணிக்கை, திறந்த கோப்புகள் என முறையே சோதித்தல் தகும். மறு-ஏற்றத் தெரிவால், உள்ளடக்கம் கெடாமலேயே எல்லையை உயர்த்தலாம். ஆயினும் அளவுக்கு மீறி உயர்த்தினால் வழங்கியே நினைவகமின்றி முடங்கும். மீண்டும் உருவாக்க இயலாத ஆய்வுத் தரவுக்கு உரிய இடம் வட்டே.